வெயிலில் ஓடிய இருட்டுப் படம்

எங்கள் சபையில் மாதத்துக்கு ஒரு சினிமா போடுவோம். தாம்பரத்தில் வேறு எந்தச் சபையிலும் இந்தப் பழக்கம் இருப்பதாகத் தெரியவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, சபை மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஒரு பழைய தமிழ்ப் படத்தைப் பார்ப்போம். அப்புறம் டீ குடித்துக்கொண்டே அதைப் பற்றிச் சண்டை போடுவோம். சாயங்காலம் பாடகர் குழுவுக்கு ஒத்திகை இருப்பதால் மதியம்தான் மண்டபம் கிடைக்கும்.

படத்துக்கு ஒரே நிபந்தனை, அது கிளாசிக்காக இருக்கவேண்டும். கிளாசிக் எது என்று முடிவு செய்கிறவர் எங்கள் செயலாளர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எங்கள் எல்லோருக்கும் அண்ணன். அவர் கணக்கில் கறுப்பு வெள்ளையோடு கிளாசிக்கும் முடிந்துபோயிற்று.

நான் அவரோடு மல்லுக்கட்டிய படம் வந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. தியேட்டரில் ஒரு வாரம் ஓடியதா என்பதே சந்தேகம். கதை சின்னதுதான். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிற ஒருவன். ஒரு வீட்டுக் கிணற்று மோட்டாரைச் சரிசெய்யப் போகிறான். அந்த வீட்டுப் பெண் அவனிடம் ஓர் உதவி கேட்கிறாள். காணாமல் போன தன் கணவனை அன்று காலையில் பஸ் ஸ்டாப்பில் பார்த்ததாகச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். அவளுடைய ஒரு சிரிப்புக்காக இவனும் போலீஸில் அந்தப் பொய்யைச் சொல்லிவிடுகிறான். மீதிப் படம் முழுக்க அந்த ஒரு பொய்யைக் காப்பாற்றப் படாதபாடு படுகிறான்.

குறை இல்லாத படம் இல்லை. இன்ஸ்பெக்டர் தேவைக்கு மேல் பேசுகிறார். நடுவில் யாரையோ திருப்திப்படுத்த ஒரு பாட்டு வேறு. ஆனால் இருட்டை இத்தனை விதமாகக் காட்டமுடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. கரண்ட் போன வீட்டின் இருட்டு, மழை வரப்போகிற மதியத்தின் இருட்டு, பொய் சொல்கிறவன் முகத்தில் பாதியை மட்டும் மூடுகிற இருட்டு. முதல் தடவை பார்த்தபோது அவன் மாட்டிக்கொள்வானோ என்று பயந்தேன். இரண்டாம் தடவை, மாட்டிக்கொள்ளாமலே போய்விடுவானே என்று பயந்தேன். முடிவு தெரிந்த பிறகு இன்னும் அதிகமாகப் பயமுறுத்துகிற படம் கிளாசிக் இல்லையென்றால் வேறு எது?

அண்ணன் மசியவில்லை.

"நல்லவன்னு ஒருத்தன்கூட இல்லாத படம் எப்படிம்மா கிளாசிக் ஆகும்? நம்ம காலத்துப் படத்துல தப்பு பண்ணவனுக்குத் தண்டனை கிடைச்சுது. நிம்மதியா வீட்டுக்குப் போனோம்."

"நிம்மதிதான் வேணும்னா டீயை மட்டும் குடிச்சிட்டுப் போகலாமே அண்ணா, படம் எதுக்கு?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் பல மாதம் இழுத்தது. கடைசியில் பெண்கள் ஐக்கியத்தில் எல்லோரும் என் பக்கம் சேர்ந்துகொண்டதால் இறங்கி வந்தார். "ஒரு தடவை போட்டுப் பாப்போம். எடுபடலேன்னா இனிமே புதுப் படம்னு யாரும் பேச்செடுக்கக் கூடாது" என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று குதித்திருக்கவேண்டும். ஆனால் அண்ணனை ஜெயிப்பது பெரிதாகத் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படம் பார்க்கவேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

நாங்கள் இரண்டு பேருமே சினிமாப் பைத்தியங்கள். கல்யாணமான புதிதில் கையில் காசில்லாவிட்டாலும் படத்துக்குப் போய்விடுவோம். அப்புறம் சர்க்கரை அவர் கண்ணைப் பிடித்தது. ஓரத்தில் இருப்பது கொஞ்சம் தெரியும், நேரே இருக்கும் முகம் தெரியாது. அப்போதும் விடவில்லை. தியேட்டரில் அவர் காதோடு காதாக நான் சொல்லிக்கொண்டே வருவேன், அவர் தலையாட்டிக்கொண்டே கேட்பார். ஒருநாள் முன் வரிசையில் இருந்த ஒருவன் திரும்பி, "வீட்டுல போய் கதை சொல்லுங்க ஆன்ட்டி" என்றான். இவர் எழுந்தார். கைப்பிடியைத் தடவிக்கொண்டே படியிறங்கி வெளியே போய்விட்டார். அதோடு சரி. வீட்டில் டிவியில்கூட என்னோடு உட்காருவதில்லை. நான் படம் போட்டால் பக்கத்து அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வார்.

இந்தப் படத்தைப் பார்க்க ஒருமுறை கெஞ்சிக் கூப்பிட்டேன். "இருட்டுப் படம்னு நீயே சொல்ற. எனக்கு எல்லாப் படமும் இருட்டுதானே" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

மண்டபத்துக்கு மட்டும் எப்படியோ வரச் சம்மதித்தார். "சண்டையக் கேக்க வர்றேன். படத்துக்கு இல்ல" என்றார். அது போதும் எனக்கு.

அந்த ஞாயிறு நல்ல வெயில். மண்டபத்துச் சுவரில் உயரத்தில் வரிசையாகக் கண்ணாடி வெண்டிலேட்டர்கள் இருக்கின்றன. ஜன்னல்களைச் சாத்தலாம், அவற்றைச் சாத்தமுடியாது. இத்தனை நாள் அது யாருக்கும் உறுத்தவில்லை, ஏனென்றால் பழைய படங்களில் எல்லோர் முகத்திலும் விளக்கைக் கொட்டித்தான் படம் பிடித்திருப்பார்கள். வெயிலோடு வெயிலாக அவை தெரியும். நான் கொண்டுபோனதோ இருட்டை நம்பி எடுத்த படம். எங்கள் வீட்டில் திரையெல்லாம் இழுத்துவிட்டே பார்த்துப் பழகிய எனக்கு இந்த யோசனையே வரவில்லை. மண்டபத்தை வருஷக்கணக்காகப் பார்த்துவரும் அண்ணனுக்கும் வரவில்லை.

படம் ஆரம்பித்தது. திரையில் வெள்ளை வேட்டி காயப்போட்டதுபோல் இருந்தது. மனிதர் ஒருவரும் இல்லை.

மைக் செட் போடுகிற தம்பி புரொஜெக்டரைத் திருகிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "வெளிச்சம் ஓவரா கீதுக்கா. நான் இன்னா பண்றது?"

இரண்டு பேர் ஜமக்காளத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். வெண்டிலேட்டரின் பாதி உயரத்துக்குக்கூட எட்டவில்லை. செயலாளர் அண்ணன் என்னைப் பார்த்து, "நிறுத்திடலாமாம்மா?" என்று கேட்டார். கேலி செய்யவில்லை, பரிதாபமாகக் கேட்டார். அதுதான் இன்னும் வலித்தது. எனக்கு மானம் போயிற்று. என் வீட்டுக்காரரைப் பிடிவாதமாக இழுத்துவந்து இப்படியா உட்காரவைப்பது என்று என்மேலேயே கோபம் வந்தது.

அப்போது பின்வரிசையிலிருந்து, பீர்க்கன்கரணையிலிருந்து வருகிற அக்கா, "இப்ப யாரு உள்ள வந்தது? ஒண்ணும் தெரியலையே" என்றார்.

"அவளோட கொழுந்தன். செருப்ப இழுத்து இழுத்து நடப்பான் பாருங்க, அவன்தான்" என்று பதில் வந்தது.

சொன்னவர் என் வீட்டுக்காரர்.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ எத்தன தடவ போட்டிருக்க? பக்கத்து ரூம்ல நான் தூங்கிட்டா இருந்தேன்?"

அதற்குப் பிறகு யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியை இவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். இவரும் முழுக்கதையை அளக்கவில்லை. யார் வந்தது, எந்த இடம், அதைமட்டும் இரண்டு வார்த்தையில் சொன்னார். போலீஸ் ஸ்டேஷன் காட்சி வந்ததும், "இப்ப பொய் சொல்லப்போறான். அதுக்கு முன்னாடி எச்சில் முழுங்குவான், கேளுங்க" என்றார். மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. ஃபேன் சத்தத்தையும் மீறி அந்தச் சின்னச் சத்தம் கேட்டது. இத்தனை தடவை பார்த்த எனக்கு அது ஒருநாளும் காதில் விழுந்ததில்லை. நான் அவன் முகத்தில் விழுந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். படத்தின் மேல் எனக்கு இருந்த மரியாதை அந்த இடத்தில் இரண்டு மடங்காயிற்று.

கடைசிக் காட்சிக்கு யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண் ஊரைவிட்டே போய்விடுகிறாள். பஸ் உறுமிக்கொண்டு கிளம்புகிற சத்தம். இவன் அவளுடைய காலி வீட்டுக்குத் திரும்பி வந்து, தான் சரிசெய்த மோட்டாரின் ஸ்விட்சைப் போடுகிறான். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. தென்சென்னைப் புறநகரில் ஒரு கோடைக்காலத்தைக் கழித்தவர்களுக்கு அந்த வறட்டுச் சத்தம் என்னவென்று தெரியும். ஆனால் படத்தில் அது மழைக்காலம், கிணறு நிரம்பிக் கிடக்கிறது. பீர்க்கன்கரணை அக்கா, "ஐயோ, குழாய்ல என்னமோ அடைச்சிருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்ன பிறகுதான் கிணற்றுக்குள் கிடப்பது யார் என்று அவருக்கே புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அவனுக்கு போன் வருகிறது. இன்ஸ்பெக்டர். "அன்னைக்குக் காலைல அவரை நீ பாத்தது உண்மைதானே?"

"பாத்தேன் சார்."

இந்தத் தடவை அவன் எச்சில் முழுங்கவில்லை. மண்டபத்தில் எல்லோருக்கும் அது கேட்டது, அதாவது கேட்காதது கேட்டது. படம் முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

டீ வந்ததும் சண்டை ஆரம்பமாயிற்று. "படமே தெரியல, இதுல கிளாசிக் எங்க வந்தது?" என்றார் செயலாளர் அண்ணன். உடனே அவரே, "ஆனா ஒருத்தரும் வீட்டுக்குக் கிளம்பலையே, அதான் எனக்குப் புரியல" என்று தலையைச் சொறிந்துகொண்டார். கண்ணுக்குத் தெரியாமலே இத்தனை பேரைக் கட்டிப்போட்டதென்றால் அது கிளாசிக்தான் என்றது ஒரு கட்சி. காலம்தான் சொல்லவேண்டும் என்றது இன்னொரு கட்சி. வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் நான்தான் முதலில் குரலை உயர்த்துவேன். அன்றைக்கு நான் என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஏம்மா" என்றார், மற்றவர்களுக்குக் கேட்காதபடி. "ரொம்ப நாளா உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்."

"கேளுங்க."

"பஸ் கிளம்புறப்ப அவ ஒண்ணும் பேசல இல்லையா? அவன ஒரு தடவையாவது திரும்பிப் பாத்தாளா? எத்தன தடவ கேட்டாலும் அது மட்டும் தெரியல."

பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு எத்தனை நாள் இந்தக் கேள்வியோடு இருந்தாரோ. என்னைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். கேட்கவில்லையே என்று ஆத்திரமாக வந்தது, இப்போதாவது கேட்டாரே என்று அழுகையும் வந்தது. சுற்றிலும் அண்ணனும் மற்றவர்களும் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் டீயைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கொண்டு, அவர் காதருகே குனிந்தேன்.

"அவ ஜன்னல் சீட்டுல உக்காந்திருக்கா" என்று ஆரம்பித்தேன். "கண்ணாடில மழைத்தண்ணி வழியுது. அவன் கீழ ரோட்டுல நிக்கிறான்..."

அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.