மங்கையர்க்கரசி மேடம் தபால் வாசித்த அறை

செவ்வாய்க்கிழமை காலை, அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு சுற்றறிக்கைக்குக் கீழே அந்தச் செய்தி கிடந்தது. மங்கையர்க்கரசி மேடம் காலமானார். எனக்கு முன்னாலேயே பலர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். ஒருவருக்கும் போன் செய்யத் தோன்றவில்லை, எனக்கும்தான். மேடம் இருந்திருந்தால் திட்டியிருப்பார்.

காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவாளர் சங்க அலுவலகத்தின் தபால் பிரிவு அவருடையது. தினமும் பத்தரை மணிக்கு, வந்த கடிதங்களோடு அறை நடுவில் நின்று, யார் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று உரக்கப் படிப்பார். உங்களில் பலர் அந்தக் குரலைக் கேட்டிருப்பீர்கள். காகிதம் யார் மேஜையில் இருந்தாலும் விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

அங்கே கணினி முறையைக் கொண்டுவந்தவன் நான். கடிதம் எங்கிருந்து எங்கே போகும் என்று கட்டமும் அம்புக்குறியுமாகப் படம் வரைந்து அவரிடம் காட்டினேன்.

“நல்லாத்தான் இருக்குதுபா. ஆனா இதுல யாரும் யாரையும் கேக்கவே இல்லியே?”

“இனிமே கேக்கத் தேவையில்ல மேடம். அவங்கவங்க ஸ்க்ரீன்ல வந்துடும்.”

மறுவாரமே வாசிப்பதை நிறுத்தச் சொன்னேன். என்ன திமிர் எனக்கு!

சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவர், அவசரக் கண் அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் கொடுக்கச் சங்கத்தின் கடிதம் கேட்டு எழுதியிருந்தார். விண்ணப்பம், விடுப்பில் போயிருந்த ஒருவரின் கணினியில் போய் உட்கார்ந்துகொண்டது. வேறு யாருக்கும் அது தெரியாது. நெசவாளரின் மனைவி நேரில் வந்து நின்றபோதுதான் தேடினோம். அன்றே கையெழுத்து வாங்கி, மேடமே மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். அதற்குள் சிகிச்சைக்கான நாள் தப்பிவிட்டது. நெசவாளருக்குப் பார்வை திரும்பவில்லை.

வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் அடித்தேன். மேடம் அதைப் படித்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“இத்த அவருக்கு யாரு படிச்சிக் காட்டுவாங்க? வாப்பா, நேர்ல போய் சொல்லு.”

கூடவே வந்தார். தறிக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த அந்த மனிதரிடம், “என்னாலதான்” என்றேன். மேடம் எனக்காகப் பரிந்து ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. திரும்பும் வழியில் சொன்னார்.

“நாளைக்குப் பத்தரைக்கு நான் படிக்கப் போறேன். உன் படத்துல அதுக்கும் ஒரு கட்டம் போட்டுக்க.”

போட்டேன்.

என் வேலையால் ஒருவருக்குக் கெடுதல் நேர்ந்தால், கடிதம் எழுதாமல் அவர் வீட்டுக்கே போகிறேன். பயந்துகொண்டுதான் போகிறேன். மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.

துக்க வீட்டுக்கு அந்த நெசவாளரும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அருகில் போய் என் பெயரைச் சொன்னேன்.

“பேரு எதுக்குபா? உன் குரல் எனக்கு மறக்குமா?” என்றவர், சற்று நகர்ந்து எனக்கு உட்கார இடம் விட்டார்.