பெட்டி தூக்குவதற்கான பயிற்சி

உங்கள் இலக்கு என்ன என்று பிசியோதெரபிஸ்ட் கேட்டார். மற்றவர்கள் கொல்ஃப் என்பார்களாம், நீச்சல் என்பார்களாம். நான் ஒரு பாரம் தூக்க வேண்டும் என்றேன். எவ்வளவு பாரம் என்றார். அதைத் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. பாரம் அந்த நேரம் டொரோண்டோவுக்குப் பக்கத்தில், மார்க்கம் நகரில், தன் வீட்டுக் கட்டிலில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தது.

என் அண்ணை. ஈரலில் புற்றுநோய். கோடைவரை தாங்காது என்று வைத்தியர்கள் சொன்ன கிழமையே, தேவாலயத்திலிருந்து தன் சவப்பெட்டியைத் தூக்கிவர ஆறு பேரைத் தெரிவுசெய்துவிட்டார். கலியாணத்துக்கு அழைப்பதுபோல ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார். முன்னால், வலக்கையால் பிடிக்கும் இடம் எனக்கு. பத்து நாள் கழித்து, வேலைத்தலத்துக் கார்த்தரிப்பிடத்தில் பனிக்கட்டியில் சறுக்கி வலது தோளைக் கழற்றிக்கொண்டேன்.

அதைப் பொருத்திய வைத்தியர், இனி இது நிலையில்லாத தோள், எந்நேரமும் நழுவலாம் என்றார். என் மற்றப் பாகங்களைப் பற்றி மனைவி வெகுகாலமாகச் சொல்லிவருவதுதான்.

"மற்றப் பக்கம் நிண்டு இடக்கையாலை பிடிக்கலாம்தானே?" என்று அவள் கேட்டாள். பிடிக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் அண்ணையின் மூத்த மகனுக்கு. சாகப்போகிறவரிடம் போய் இடம் மாற்றித் தாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே பயிற்சி. கதவுக் கைபிடியில் ரப்பர் நாடாவைக் கட்டி இழுப்பது. மஞ்சள்தான் ஆக இலகுவானது. பிறகு சிவப்பு, பச்சை. பின்னேரங்களில் அண்ணையின் அறையில் வைத்தே இழுத்தேன். அவர் படுத்தபடி எண்ணினார்.

"இண்டைக்கும் மஞ்சளோ?"

"ஓம் அண்ணை."

"கெதியாப் பச்சைக்கு வாடா. நான் மெலிஞ்சு தாறன், நீ பலத்துக்கொண்டு வா. நடுவிலை சந்திப்பம்."

அவர் தன் பங்கை ஒழுங்காகச் செய்தார். ஏப்ரலில் கிரிக்கெட்டைக்கூட நிறுத்தச் சொல்லிவிட்டார். எண்ணும்போது பன்னிரண்டுக்குப் பிறகு மூச்சு வாங்கியது. நான் இன்னும் சிவப்பு நாடாவில் நின்றேன். பயந்துபோய், ஒருநாள் எங்கள் பேஸ்மென்றில் இருந்த இருபது இறாத்தல் அரிசிப் பையை வலக்கையால் தூக்கிப் பார்த்தேன். இடுப்புவரை வந்தது. அதற்கு மேல் பை வரவில்லை, தோள் வந்துவிட்டது.

"அரிசி வேணுமெண்டா என்னட்டைச் சொல்லியிருக்கலாமே" என்றாள் மனைவி, எமெர்ஜென்சிக்குக் கார் ஓட்டிக்கொண்டே.

மறுநாள், தொட்டில்போலக் கட்டிய கைக்குமேல் குளிர்க் கோட்டை மாட்டிக்கொண்டு அண்ணையிடம் போனேன்.

"உள்ளுக்கு என்னத்துக்கடா கோட்டு?"

"குளிருது அண்ணை."

"கழட்டு."

கழற்றினேன். கட்டை வெகுநேரம் பார்த்தார். பேச்சு விழும் என்று காத்திருந்தேன்.

"எத்தினை கிழமையாம்?"

"ஆறு."

கண்ணை மூடிக்கொண்டார். "பொறுத்துப் பாக்கிறன்" என்றார்.

பதினொரு நாள் பொறுத்தார்.

கையில் கட்டுடன் பெட்டியைப் பிடிக்கவிட முடியாது என்று இறுதிச்சடங்கு நடத்த வந்தவர் சொல்லிவிட்டார். என் இடத்தில் ஒரு மச்சான் நின்றார். தேவாலயத்தின் வாசற்கதவு விட்டால் தானே மூடிக்கொள்ளும் வகை. அதைப் பிடிக்க ஆள் இல்லை. அண்ணிதான் மெதுவாகச் சொன்னார்: "நீங்கள் கதவைப் பிடியுங்கோ."

பிடித்தேன். அண்ணை ஒரு சாண் தூரத்தில் என்னைக் கடந்து போனார். ஒரு கை கட்டுக்குள், மற்றது கதவில். தொட முடியவில்லை.

பின்னாலேயே போயிருக்க வேண்டும். ஆனால் அண்ணி வந்தார், பிள்ளைகள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் ஒஷாவாவிலிருந்தும் மிசிசாகாவிலிருந்தும் வந்த சனம். டொரோண்டோவில் இத்தனை வருடம் இருந்துவிட்டு, அடுத்தவர் முகத்தில் கதவை விட எனக்கு வராது. "தாங்ஸ் அண்ணை" என்றார்கள். "கைக்கு என்ன நடந்தது?" என்று நின்று கேட்டார்கள். எண்ணெய் தேய்க்கச் சொன்னார் ஒருவர். கடைசியாக ஒரு வயதான அன்ரி, பிடித்து நடக்கும் வோக்கரைத் தள்ளிக்கொண்டு, அவசரமே இல்லாமல் வந்தார்.

நான் படியில் இறங்கியபோது கறுப்பு வண்டியின் பின்கதவைச் சாத்தியிருந்தார்கள்.