கைநாட்டுக்குக் காத்திருந்த பெட்டி

சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் வராத வெளிநாட்டார் இல்லை. பெரும்பாலானோர் வந்த வேகத்திலேயே போய்விட்டார்கள். போகாமல் தங்கிய சிலர் நடத்தியதுதான் நான் வேலை பார்த்த ஆய்வு. தலையில் அடிபட்டு மூளைக்குள் இரத்தம் கசிகிறவர்களுக்கு ஒரு மருந்தை ஏற்றினால் கசிவு நிற்குமா என்று பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரியும் அதில் சேர்ந்திருந்தது. ஆய்வுக்கு ஆள் சேர்ப்பது என் வேலை. அதாவது, அழுதுகொண்டு நிற்கிற மனிதரிடம் போய், பக்கம் பக்கமாக அச்சடித்த கடதாசியை நீட்டி ஒப்பம் கேட்பது.

அலுமாரியில் சின்னச் சின்னப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். சிலவற்றில் மருந்து, சிலவற்றில் வெறும் உப்புத்தண்ணீர். எதில் எது என்று எனக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. அடிபட்டு எட்டு மணித்தியாலத்துக்குள் பெட்டியைத் திறக்கவேண்டும். பிந்தினால் அந்த ஆள் ஆய்வில் இல்லை. வழமையான சிகிச்சை மட்டும்தான்.

இதற்கு மேல் ஒரு விதி இருந்தது. நினைவில்லாத நோயாளியோடு சொந்தக்காரர் ஒருவருமே வரவில்லை என்றால் இரண்டு வைத்தியர்கள் சேர்ந்து முடிவெடுக்கலாம். சொந்தக்காரர் பக்கத்தில் நின்றால் அவரைக் கேட்டே ஆகவேண்டும். அவர் இன்னொருவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றால், அந்த இன்னொருவர் வரும்வரை பெட்டியைத் திறக்கக்கூடாது. நியாயமான விதிதான். அதை எழுதியவர் எங்கள் வார்டு வாசலில் ஒரு நாள் நின்றிருந்தால் வேறு விதமாக எழுதியிருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

மாதம் ஒருமுறை வெளிநாட்டிலிருந்து ஒரு பெண்மணி தொலைபேசியில் பேசுவார். எங்கள் ஊரில் ஆள் சேர்வது ஏன் குறைவு என்று கேட்பார். மனைவிமார் ஒப்பமிடத் தயங்குகிறார்கள் என்று சொன்னால், கணவன் வீட்டார் அவர்களை அடக்கி வைத்திருக்கிறார்களா என்பார். எனக்குக் கொதி ஏறும். வீடு, வளவு, வயல் எல்லாம் பெண்ணின் பெயரில் இருக்கிற ஊர் இது. கல்யாணம் முடித்தால் ஆண்தான் உடுப்பை எடுத்துக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போகிறான். ஆனால் எத்தனை வருசம் அங்கே சாப்பிட்டாலும் அவன் தாயின் குடியைச் சேர்ந்தவன். தாய்வழிச் சொந்தத்தைத்தான் நாங்கள் குடி என்போம். அவனுக்கு ஒன்று என்றால் முதலில் சொல்லவேண்டியது அந்தக் குடிக்கு. இதையெல்லாம் விளக்கினால், மிகவும் சுவாரசியமாக இருக்கிறது என்பார் அந்த அம்மா. அடுத்த மாதம் மறுபடியும் அதே கேள்வி.

கிழக்கில் சண்டை முடிகிற தறுவாயில் இருந்த நேரம். ஒரு நாள் மத்தியானம் தேற்றாத்தீவிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டில் குடியிருந்தவர். அந்த வீடுகளின் லட்சணம் ஊருக்கே தெரியும். கட்டிக் கொடுத்தவர்களின் பெயர்ப் பலகை சுவரில் அசையாமல் இருக்கும், கூரை முதல் மாரிக்கே ஒழுகும். அன்று காலை ஒன்பது மணிபோல் ஓடு மாற்ற ஏறியவர் சறுக்கி, சீமெந்துத் தரையில் தலை அடிபட விழுந்திருக்கிறார். விழுந்தவர் எழும்பி, ஒன்றும் இல்லை என்று சொல்லித் தேத்தண்ணியும் குடித்தாராம். களைப்பாக இருக்கிறது என்று படுத்தவரைப் பிறகு எழுப்ப முடியவில்லை. தலையில் அடிபட்டவரை நித்திரைகொள்ள விடாதீர்கள், உடனே கொண்டுவாருங்கள் என்று நாங்கள் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. யார் கேட்டார்கள்?

மூளைக்குள் கசிவு என்றார் வைத்தியர். தலையைத் திறக்கிற வைத்தியர்கள் இருந்தது கண்டியிலும் கொழும்பிலும். இவர் இருக்கிற நிலையில் அந்தப் பாதையைத் தாங்கமாட்டார் என்றும் சொன்னார். அலுமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். நான் கடதாசியை எடுத்துக்கொண்டு மனைவியிடம் போனேன்.

"நான் வைக்க ஏலா மிஸ்" என்றாள்.

"நீங்கதானே பெண்சாதி? உங்கட ஒப்பம் போதும்."

"அவர் எங்கட வீட்டுக்கு வந்தவர். அவர்ர அம்மா இருக்கா, அவ வரட்டும். நான் வைச்சு மறுகா ஒண்டு நடந்திட்டெண்டா, வெள்ளக்காரன்ர மருந்துக்கு எங்கட புள்ளையக் குடுத்திட்டாள் எண்டு அவங்கட குடி முழுக்கக் கேக்கும். நான் என்ன சொல்லுற?"

தாய் இருந்தது வாவிக்கு அந்தப் பக்கம், பாலம் கடந்து வவுணதீவில். அங்கே அப்போது தொலைபேசி எடுபடாது. மனைவியின் தம்பி மோட்டார் சைக்கிளில் கூட்டிவரப் போயிருந்தான். நேரம் போகிறது என்று திரும்பவும் சொன்னேன். வற்புறுத்தவும் கூடாது, அதுவும் விதி. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மிஸ், சுனாமிக்குப் பிறகு வந்தவன் போனவனெல்லாம் என்னட்ட ஒப்பம் வாங்கினான். வீடு சரி எண்டும் ஒண்டு வாங்கினானுகள். கூரை ஒழுகுது எண்டு சொல்லப் போனா, நீங்கதானே ஒப்பம் வைச்ச எண்டானுகள். அந்தக் கூரையில இருந்துதான் இவர் விழுந்த."

அவள் சொன்னது நியாயம் என்று தெரிந்தது. கோபம் மட்டும் குறையவில்லை. ஆள்மாறி ஆள்மாறிக் கோபம் வந்தது. அந்தக் கூரையைப் போட்டவன்மேல், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துப் படுக்கவிட்டவர்கள்மேல், போன தம்பிமேல், எங்கள் குடிகளின்மேல், என் கையில் இருந்த கடதாசியின்மேல். இந்தப் பெண் இங்கே வராமல் வீட்டிலிருந்து அழுதுகொண்டிருந்தால் வைத்தியர்கள் எப்போதோ பெட்டியைத் திறந்திருப்பார்கள். புருசனோடு கூட வந்ததுதான் அவள் செய்த பிழை என்று ஆகிவிட்டது. அதை அவளிடம் சொல்லவா முடியும்?

பெட்டிக்குள் இருப்பது வெறும் தண்ணீராகவும் இருக்கலாம். அதை நினைக்க நினைக்க இன்னும் எரிச்சல் வந்தது.

தாய்க்கு எழுத்துத் தெரியாது என்று மனைவி சொல்லியிருந்தாள். நாலரை மணிக்குக் கைநாட்டுக்கான மைப்பெட்டியை எடுத்து வாசலோரத்து வாங்குப் பலகையில் திறந்து வைத்தேன். வந்ததும் ஒரு நிமிடமும் வீணாகக்கூடாது என்று நினைத்தேன். வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். ஐந்து மணி வந்தது, போனது. வைத்தியர் பெட்டியைத் திரும்ப அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

வார்டில் விளக்குப் போடுகிற நேரத்துக்குத்தான் தாய் வந்தாள். முழங்கால் வரை வயல் சேறு. வட்டை வயலில் அறுவடைக்காரருக்குச் சோறு கொண்டுபோன இடத்திலிருந்து அப்படியே ஏற்றி வந்திருக்கிறான் தம்பி. பாலத்தடி ஆமிச் சோதனைச் சாவடியில், அடையாள அட்டை இல்லை என்று இரண்டு பேரையும் வெயிலில் இருத்தி வைத்துவிட்டார்கள். வட்டைக்குச் சோறு கொண்டுபோகிறவள் அடையாள அட்டையையுமா கொண்டுபோவாள்? மீனும் நெல்லும் போய்வருகிற அந்தப் பாலத்தில் அன்று ஒரு கிழவிக்கு வழியில்லை.

தம்பி வழியெல்லாம் விசயத்தைச் சொல்லியிருக்கிறான். வாங்கில் மைப்பெட்டியைக் கண்டதும், நான் வாய் திறக்கும் முன்பே, அவள் பெருவிரலை அழுத்தித் தோய்த்துவிட்டாள்.

"எங்க புள்ள வைக்க? சுறுக்காச் சொல்லு."

"அம்மா, நேரம் போயிற்று. இனி அந்த மருந்து ஏத்த ஏலா."

"நான் பாலத்தில இருந்தன் புள்ள. அவனுகள் விடல்ல."

"தெரியும் அம்மா."

"தெரியுமெண்டா வை. இந்தா." விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கடதாசியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

பிறகு மருமகளிடம் திரும்பினாள். "நீ ஏன்கா வைக்கல்ல?"

"நீங்க வரவேணுமெண்டுதான் மாமி."

"நான் வந்து என்ன சொல்லியிருப்பன்? வை எண்டுதானே சொல்லியிருப்பன்."

ஏசுகிற குரல் இல்லை அது. ஏசியிருந்தால் நல்லது என்று எனக்குப் பட்டது. மருமகள் வாங்கில் இருந்து முகத்தை மூடிக்கொண்டாள். தாய் விரலைச் சேலையில் துடைத்தாள். மை போகவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அவர் இறந்துபோனார். மருந்து ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டால் தெரியாது என்பதுதான் உண்மை. அதைத் தெரிந்துகொள்ளத்தானே ஆய்வே நடந்தது. அந்தப் பெட்டியை அந்தக் கிழமையே வேறொருவருக்குத் திறந்தோம். அதில் என்ன இருந்தது என்றும் எனக்குத் தெரியாது. மாத முடிவில் அந்தப் பெண்மணி தொலைபேசியில் வந்து, இந்த முறையும் ஆள் குறைவு, ஏன் என்று கேட்டார். பாலம் பூட்டியிருந்தது என்று மட்டும் சொன்னேன்.

உடலை எடுத்துப் போக ஒரு கடதாசியில் ஒப்பம் வேண்டும். எழுத்தர் அதை மனைவியிடம் நீட்டினார். அவள் பேனையைத் தொடவில்லை, மாமியைப் பார்த்தாள். நான் மைப்பெட்டியைத் திறந்து வைத்தேன். தாயின் பெருவிரலில் முதல் நாள் வைத்த நீலம் அப்படியே இருந்தது. விரலை மைக்கு மேலே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இதுக்கு நேரம் இருக்கா புள்ள?"

"இருக்கு அம்மா" என்றேன்.