ஒரு தம்ளர் சுரைக்காய்ச் சாறு

மூன்று வருடங்களுக்கு முன்பு, நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் மாறிய சமயம். புது வீட்டின் பின்னால் தாராளமாக இடம் இருந்தது. பார்த்ததுமே எனக்குத் தோட்ட ஆசை பிடித்துக்கொண்டது. அதற்குமுன் ஒரு துளசிச் செடியைக்கூட நான் உருப்படியாக வளர்த்ததில்லை. ஆனாலும் மகளின் பழைய நோட்டில் படம் போட்டேன். குழாயடியில் கீரை, நடுவில் கத்தரி, வெண்டை, தக்காளி, வேலியில் அவரையும் பாகலும். எங்கள் நான்கு பேருக்கும் எந்த வாரம் எந்தக் காய் என்றுகூட எழுதிவைத்தேன்.

தக்காளி காய்ந்துபோனது. கத்தரியைப் புழு தின்றது. படத்திலேயே இல்லாத ஒரு சுரைக்கொடி மட்டும் குப்பைக்குழி ஓரம் தானாக முளைத்து, வேலி முழுக்கப் படர்ந்து காய்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் பறித்த இரண்டு காய்களில் ஒன்றை எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பெருமையோடு கொடுத்தேன். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெண். அவளுக்கு மூன்று வயதில் ஒரு குழந்தை.

மறுநாள் இன்னொரு காயை மிக்ஸியில் அரைத்துச் சாறு எடுத்தேன். கணவருக்குச் சர்க்கரை உண்டு. அதற்குச் சுரைக்காய்ச் சாறு நல்லது என்று யாரோ அனுப்பிய வீடியோவில் பார்த்திருந்தேன். முதல் ஷிப்ட் முடிந்து வந்தவர் ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இப்படிக் கசக்குது?"

"கசந்தாதாங்க சக்கரைக்கு நல்லது. மருந்தே அடிக்காத காய். மூச்சைப் பிடிச்சிட்டு ஒரே மடக்கா குடிச்சிடுங்க."

என் மனம் நோகக்கூடாது என்று தம்ளரைக் காலி செய்தார்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு. மூன்றாவது முறை வாஷ்பேசினில் ரத்தம். அவர் கையைத் தொட்டால் சில்லென்றிருந்தது. ஆட்டோ பிடித்து எப்படி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன் என்பதே நினைவில்லை.

"என்ன சாப்பிட்டார்?" என்றார் டாக்டர்.

"வெளியில எதுவும் சாப்பிடல சார். எங்க தோட்டத்துச் சுரைக்காய்ச் சாறுதான்."

"கசந்துதா?"

"ஆமா சார்."

"கசக்கிற சுரைக்காய் விஷம்மா. உயிரே போயிருக்கும்."

அடுத்த நொடி எதிர்வீட்டுக் குழந்தையின் முகம் கண்முன் வந்தது. எதிர்வீட்டுக்குப் போன் போட்டேன். இரண்டு முறை மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாம் முறைதான் எடுத்தாள்.

"அந்தச் சுரைக்காயைக் குழந்தைக்குக் குடுத்தியா?" என்று கத்தினேன்.

தயங்கித் தயங்கிச் சொன்னாள். "கோவிச்சிக்காதீங்கக்கா. நேத்தே கூட்டு வச்சேன். ருசி பாத்தா ஒரே கசப்பு, துப்பிட்டு அப்டியே கொட்டிட்டேன். ஆசையா குடுத்தீங்க, எப்டி சொல்றதுன்னு யோசிச்சிகினே இருந்தேன்."

ஆஸ்பத்திரி வராண்டாவில் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மூன்று நாள் டிரிப்ஸ் ஏறிய பிறகு கணவர் வீடு திரும்பினார். அந்தக் கொடியை வேரோடு பிடுங்கி எறிந்தேன். தோட்டத்தை விடவில்லை, இன்று பாதிக் காய்கறி அதிலிருந்துதான் வருகிறது. சுரைக்காய் எங்கிருந்து வந்தாலும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்க்காமல் சமைப்பதில்லை. ஆனால் கசப்பு என்று தெரிந்தும் ஒருவர் குடித்தார், ஒருத்தி சொல்லாமல் இருந்தாள். இரண்டுக்கும் காரணம் என் பெருமைதான்.