மூன்று முறை மானே

குருநகர் மக்டலீனிடம் மீன் வாங்கப் போகிறவர் பேச்சு வாங்கவும் தயாராகப் போக வேண்டும். செவுளைத் தூக்கிப் பார்த்தால், "மீனுக்குச் சுகமில்லை எண்டோ பாக்கிறியள், ஐயா? அது செத்துத்தான் கிடக்குது" என்பாள்.

சின்னக்கடைச் சந்தையில் அவள் கூடை வைக்கும் இடத்துக்கு எதிரே செல்வநாயகத்தின் தேநீர்க்கடை. அங்கே ஒரு கிராமபோன் இருந்தது, இசைத்தட்டு நாலுதான். அதில் ஒரு நாடகப் பாட்டுக்கு நடுவில் கீறல். ஊசி அங்கே வந்ததும் "மானே, மானே" என்று ஒரே சொல்லில் நின்று சுற்றும். மூன்றாவது மானேக்கு செல்வநாயகம் ஓடிவந்து ஒரு தட்டுத் தட்டுவான். பிறகுதான் பாட்டு நகரும்.

மக்டலீனின் தம்பி யாகோப்பு பாட்டுப் பழகியது இந்தக் கடை வாசலில். பழகியபடியே, மூன்று மானேயோடு, வள்ளத்தில் பாடுவான்.

"ஒரு மான் போதாதோடா?" என்று அக்கா கேட்டால், "செல்வநாயகத்தார் தட்டாமல் நான் எப்பிடி அங்காலை போறது?" என்பான்.

1935 கார்த்திகைக் காற்றில் வள்ளம் கவிழ்ந்தது. யாகோப்பு கரை சேரவில்லை. அவனைப் படம் பிடித்து வைத்தவரும் இல்லை. அவனுடையது என்று மக்டலீனுக்கு மிஞ்சியது எதிர்க்கடைப் பாட்டின் அந்தத் தடக்கல் ஒன்றுதான். தினமும் காலையில் மூன்றாவது மானே கேட்கும்வரை அவள் யாருக்கும் விலை சொல்ல மாட்டாள். அவளுக்குக் காது மந்தம் என்று சனம் முடிவு கட்டியிருந்தது.

மூன்று வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை, பாட்டு ஒற்றை மானேயோடு ஓடிப்போய்விட்டது. பாதி வெட்டிய பாரை மீனை அப்படியே விட்டுவிட்டு மக்டலீன் தெருவைக் கடந்தாள்.

"பாட்டை என்ன செய்தனீ?"

"புது றெக்கோட், அக்கா. கீறலே இல்லை."

"பழசு எங்கை?"

பழசு உள்ளே தண்ணீர்க் குடத்துக்கு மூடியாகக் கிடந்தது. அவள் அதை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"செதில் கையாலை தொடாதேங்கோ."

"குடத்தை மூடினவர் கதைக்கிறார். போடு இதை."

"சனம் சிரிக்கும், அக்கா."

"சிரிக்கட்டும். என்ரை தம்பி சிரிக்க வைக்கத்தானே பாடினவன்."

செல்வநாயகம் பழைய தட்டைக் கிராமபோனில் வைத்தான். சாவி கொடுத்து, ஊசியை வைத்துவிட்டுத் தேநீர் ஆற்றப் போனான். மானே வந்தது. இரண்டாவதும் வந்தது.

"கை ஓயேல்லை. நீங்களே தட்டுங்கோ" என்றான் செல்வநாயகம், தேநீரை ஆற்றியபடி.

மூன்றாவது போனது. நாலு, ஐந்து. மக்டலீன் கையை நீட்டியபடி நின்றாள். தட்டினால் பாட்டு நகர்ந்துவிடும். உள்ளே யாரோ இருமினார்கள். ஏழாவதில் தட்டினாள். மீன் வெட்டிப் பழகிய கை. ஊசி மிச்சப் பாட்டு முழுவதையும் தாண்டி, நடுவில் ஒட்டியிருந்த கடதாசியில் போய்க் கிரீச்சிட்டது.

கடை சிரித்தது. அவளும் சிரித்தாள், பிறகு வாங்குப் பலகையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"திரும்ப வை, தம்பி. இந்தமுறை நீ தட்டு. எனக்கொரு தேத்தண்ணியும் ஊத்து."