விரல் நீட்டாத வழிகாட்டி

போன ஞாயிறு கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போய்விட்டு, என்ர மனிசி உறவுக்காரரோடு கதைத்து முடிக்கும்வரை தேவாலய வாசலில் போறவாற ஆக்களைப் புதினம் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளைக்காரர் கொஞ்சப் பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு வழிகாட்டிப் பெடியன் வந்தான். கழுத்தில் அட்டை, கையில் மடக்கின குடை. குவிமாடத்தைப் பற்றி நல்லாகத்தான் விளங்கப்படுத்தினான். பிறகு ஒரு விஷயம் சொன்னான் பாருங்கோ: இந்த ஊர்த் தமிழ் ஆக்கள் பழைய கட்டடங்களைச் சுட்டுவிரலால் காட்டமாட்டினமாம், அது முன்னோருக்குச் செய்கிற மரியாதையாம். குவிமாடத்தைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரு நெட்டையன் உடனே கையை இழுத்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து வந்த மனிசி முறைத்தாள்.

சிரிக்காமல் என்ன செய்ய? அந்த மரியாதையை உண்டாக்கினதே நான்தான்.

அது சண்டைக் காலம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தேன். அந்த நாளில் எங்கட ஆக்கள் கொழும்பில் இருக்கிறதென்றால் காரணம் சொல்ல வேணும். வேலை இருந்தால் அது காரணம். வேலை போனால் காரணமும் போகும், பிறகு பிடித்து உள்ளே போட்டாலும் போடுவார்கள், பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். என்ர வேலை ஒரு சின்ன சுற்றுலாக் கொம்பனியில். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று வரிசையாக வந்து கடலுக்கு அப்பாலிருந்து அரசாண்டவர்கள் விட்டுப்போன சித்திரத்தையும் சிற்பத்தையும் கட்டடத்தையும் நடந்து காட்டுவது. வடக்கிலிருந்து வந்தவர்கள் பொலிசில் பேர் பதிய வேணும், அப்படிப் பதியப் போன இடத்தில் என்ன வேலை என்று கேட்டார்கள். கோட்டைப் பகுதியில் இருக்கிற கட்டடமெல்லாம் வெளிநாட்டுக்காரருக்குக் காட்டுகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். பொலிஸ்காரர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! குண்டு வைக்க இடம் காட்டுகிறவன் மாதிரியல்லவா சொல்லிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது.

முதலாளி கொழும்பு முஸ்லிம் மனுசன், அண்ணன் என்கிற மாதிரி எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். நடந்ததைச் சொன்னேன். யோசித்துவிட்டு, "கையப் பின்னால கட்டிக்கோங்க தம்பி, வாயால மட்டும் காட்டுங்க. ஒரு பிரச்சின வந்திச்செண்டா ஒங்கள வெச்சிக்க ஏலாமப் போகும்" என்றார்.

அன்று கட்டின கைதான். கோட்டையில் பாதித் தெரு ஆமிக்காரர் போட்ட தடுப்புக்கு அப்பால் இருந்தது. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, "மணிக்கூட்டுக்குக் கீழே, இடப்பக்கம், மரத்துக்கு மேலே தெரியிற வளைவு" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். புருவத்தாலேயே ஒரு ஒல்லாந்தர் முகப்பு முழுவதையும் காட்டியிருக்கிறேன், நம்புங்கோ. ஒரு நன்மையும் இருந்தது. நான் சொன்ன வளைவைக் கண்டுபிடிக்க அவர்கள் எல்லா வளைவையும் பார்க்க வேண்டியிருந்தது. விரல் காட்டின இடத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிற கூட்டம் அல்ல அது.

ஏன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய் என்று ஒருநாள் ஒருவர் கேட்டார். பயத்தில் என்று எப்படிச் சொல்வது? எங்கட வழக்கம், முன்னோருக்கு மரியாதை என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அந்த மனுசனுக்குப் புல்லரித்துப் போயிற்று. பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். மற்ற வழிகாட்டிகளும் பிடித்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு நடந்து வரும்போது ஒரு அரிசிக் கடை வாசலில் நனைந்த சாக்கு மணம் வந்தது. மழை விட்ட பிறகு மண்மூட்டைக் காவலரணில் வருகிற அதே மணம். எனக்கு உடனே அந்த நாளில் என்ர கூட்டத்தில் வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவிதான் ஞாபகம் வந்தா. தன்ர நாட்டில் சித்திரம் படிப்பித்தவ. தடுப்புக்கு அப்பால் இருந்த பழைய கப்பல் கொம்பனிக் கட்டடத்தின் உச்சியில் சிங்கத் தலைகள் இருப்பதைச் சொன்னேன். கண்டவுடன் சந்தோஷம் தாங்காமல், சின்னப்பிள்ளை மாதிரி முழுக் கையையும் நீட்டி ஒவ்வொரு தலையாகக் காட்டத் தொடங்கினா.

மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு ஆமிக்காரன் வந்தான். அடையாள அட்டையைக் கேட்டான். என்ர பேர் நீளம், எழுத்துக் கூட்டித்தான் வாசித்தான். பிறந்த இடத்தையும் வாசித்தான். நீயா காட்டச் சொன்னாய் என்று சிங்களத்தில் கேட்டான். எனக்கு வேலை போய், லொட்ஜ் அறை போய், கொழும்பே போய்விட்டது போல இருந்தது. கிழவி குறுக்கே வந்து, பிழை தன்னுடையது, இவர் விரலே நீட்டமாட்டார், அது இவருடைய ஆக்களின் வழக்கம் என்று இங்கிலீசில் பொரிந்து தள்ளினா. என்ன சொல்கிறா என்று அவன் என்னைக் கேட்டான். என்ர புளுகை என்ர வாயாலேயே, அதுவும் என்ர அரைகுறைச் சிங்களத்தில், அவனுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

அவன் என்ர அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கட்டடத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு, "கட்டடத்துக்குமா? எங்கட ஊரில பூசணிப் பிஞ்சுக்குத்தான் விரல் நீட்டக்கூடாது. அழுகிப் போகும் எண்டு அம்மா அடிப்பா" என்றான்.

சிங்களத்தில் தம்பியைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டு, "எங்கட வீட்டிலயும் அடிதான், மல்லி" என்றேன். அது புளுகில்லை.

அவன் சிரித்துவிட்டான். அட்டையைத் திருப்பித் தந்தான். பிறகு அவனும் என்னை அண்ணனாக்கி, குரலைத் தாழ்த்தி, "உள்ளுக்கு என்ன இருக்கு, அய்யே? இவ்வளவு நாளாக் காவல் நிக்கிறன், எங்களையும் உள்ள விடுறேல்ல" என்றான். நானும் உள்ளே போனதில்லை என்று உள்ளதைச் சொன்னேன். கிழவியும் சேர்ந்து மூன்று பேருமாகச் சிங்கத் தலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பின்னேரம் நானாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் தேத்தண்ணி எடுப்பித்துத் தந்துவிட்டு, நாளைக்கு நேரத்தோடு வரச் சொன்னார்.

அப்படித்தான் நான் கொழும்பில் தங்கினேன். கலியாணம், பிள்ளைகள், பிளட் வீடு எல்லாம் அதற்குப் பிறகு வெள்ளவத்தையில்தான். நானா இப்போது இல்லை. லொட்ஜை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். கப்பல் கொம்பனிக் கட்டடம் சாப்பாட்டுக் கடையாகிவிட்டது, யாரும் உள்ளே போகலாம். தடுப்பும் மண்மூட்டையும் போனதற்கு யார் அழுவார்? எனக்கு நிம்மதிதான்.

ஆனால் சிங்கத் தலை பார்த்த அந்த நாளுக்கு அடுத்த கிழமை, புதுக் கூட்டத்தோடு அதே தடுப்புக்குப் போனபோது, மண்மூட்டைக்குப் பின்னால் வேறு ஒருவன் நின்றான். முன்பு நின்ற மல்லி எங்கே என்று கேட்டேன். வடக்குக்குச் சண்டைக்கு அனுப்பிவிட்டார்கள், யாழ்ப்பாணப் பக்கம் என்றான். என்னைக் கொழும்பில் இருக்க விட்டவனை எங்கட ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தானோ தெரியாது. இப்போது விசாரிப்பதென்றாலும் யாரென்று சொல்லி விசாரிப்பது? பேர்கூட நான் கேட்கவில்லை.