தவுணுக்கு ஆசைப்பட்ட காலை

பனங்கொட்டையை வெட்டினால் உள்ளே வெள்ளையாய்த் தித்திக்குமே, அந்தத் தவுணுக்கு நாக்கு ஊறி, இன்று காலையில் அரிவாளோடு புறவாசலுக்குப் போனேன். இரண்டு மாதம் முன்பு நானும் பேத்தியும் சேர்ந்து கொட்டைகளைப் புதைத்திருந்தோம்.

இரண்டாம் வகுப்புக்காரி ஓடிவந்து அந்த மண்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"இப்ப வெட்டுனா பொங்கலுக்குக் கிழங்கு வராது ஆச்சி."

"ஏளா, ஒண்ணே ஒண்ணுதான்."

"ஒண்ணும் கிடையாது. அந்த ஓரத்துல உள்ளதக் கிழங்காக்கூட பிடுங்கக் கூடாது. மரமாக்கி நுங்கு திங்கணும்."

"அதுக்குப் பதினஞ்சு வருசம் ஆகும். நான் இருப்பனா?"

"இருக்கணும். ரெண்டு பேரும் சேந்துதான திங்கணும்!"

அரிவாளைப் போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டேன்.

ஆண்பனையாகிவிட்டால் நுங்கே காய்க்காது என்று அவளிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.